ஏசி ரூமில் இருந்த பைன் கட்டைகள்

எங்கள் அடுக்ககத்தில் லிஃப்ட் கிடையாது. செம்பாக்கம் ஏரிக்குப் பின்னால் இருக்கும் தெருவில் மூன்று மாடி, ஒன்பது வீடு. எங்களுடையது மேல்மாடி. அந்த ஏப்ரல் மாதக் காலையில் கொடைக்கானல் மலையிலிருந்து மினி வேனில் வந்து இறங்கிய பன்னிரண்டு பைன் கட்டைகளை நானும் என் கணவரும் ஒவ்வொன்றாகப் படியேற்றிக்கொண்டிருந்தோம். ஒவ்வொன்றும் முழங்கால் உயரம், தொடைப் பருமன். கெட்டித் துணியில் சுற்றி, வாயைத் தைத்து, மேலே ஓர் அட்டை கட்டியிருந்தேன்.

வாட்ச்மேன் அண்ணா பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து பார்த்தார்.

"இன்னாக்கா இது? மூணாவது மாடிக்கு வெறகு தூக்கிக்கினு போற மொத ஆளு நீங்கதான்."

"வெறகு இல்லண்ணா. இதுக்குள்ள பூச்சி இருக்கு."

"பூச்சி கீதுன்னா கீழயே கொளுத்த வேண்டியதுதான? வூட்டுக்குள்ள எதுக்கு எடுத்துக்கினு போறீங்க?"

என் கணவர் மூச்சு வாங்கியபடி சிரித்தார். "அதைத்தான் அண்ணா நானும் கேட்டுட்டே வரேன்" என்றார்.

நான் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் பிளஸ் டூ மாணவர்களுக்கு விலங்கியல் நடத்துகிறேன். நாற்பத்திரண்டு வயதில் பகுதி நேர ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்தேன். பள்ளியில் பலர் அதைச் சம்பள உயர்வுக்கான வழி என்று நினைத்தார்கள். உண்மைக் காரணம் சொன்னால் நம்பமாட்டார்கள் என்று நானும் விட்டுவிட்டேன். சின்ன வயதிலிருந்தே எனக்குப் பூச்சி என்றால் அப்படி ஒரு பைத்தியம். இருபது வருடம் கரப்பான்பூச்சியின் செரிமான மண்டலத்தையே கரும்பலகையில் வரைந்து வரைந்து, நானாக ஒன்றைக் கண்டுபிடிக்காமலே ஓய்வு பெற்றுவிடுவேனோ என்று பயம் வந்துவிட்டது.

என் வழிகாட்டி புறநகரில் ஒரு கல்லூரியின் பேராசிரியர். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தவர். அவருக்குத் தெரிந்த வனச்சரகர் ஒருவர் கொடைக்கானல் மேல்மலையில் பணியில் இருந்தார். அந்த வருடம் கோடைக்கு முன்பே அங்கே ஒரு பைன் காட்டில் தீப்பிடித்து, ஒரு சரிவு முழுக்கக் கருகிப் போயிருந்தது. தீ பட்ட காட்டில் பூச்சிகள் என்ன ஆகின்றன என்று பார்க்கலாமே என்று நான் கேட்டபோது பேராசிரியர் தலையை ஆட்டினார்.

"நெருப்பு போன எடத்துல பூச்சி ஏதும்மா? எல்லாம் வெந்து போயிருக்கும். காட்டுக்கு அது ஒரு மாதிரி சுத்திகரிப்பு. நீங்க போய் ஒண்ணுமில்லன்னு எழுதிட்டு வருவீங்க."

"ஒண்ணுமில்லன்னாலும் பரவால்ல சார். பார்த்துட்டு எழுதறேன்."

அவர் மறுக்கவில்லை. சரகருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

மலையில் நான் பார்த்த சரிவு இன்றும் கண்ணில் நிற்கிறது. நடுவில் மரங்கள் கரிக்குச்சிகள் போல நின்றன, இலை ஒன்றுகூட இல்லை. அதைச் சுற்றி ஒரு வளையமாக, அடிமரம் கருகி மேலே மட்டும் பச்சை மிச்சமிருந்த மரங்கள். அதற்கும் வெளியே தீயே படாத பச்சை மரங்கள். சரகர் ஐம்பதை நெருங்கியவர், அளந்து பேசுகிறவர். கையால் காட்டிச் சொன்னார்.

"கரியாப் போனதை எல்லாம் முதல்ல வெட்டி எடுத்துரச் சொல்லி மேல இருந்து உத்தரவு மேடம். பாதி எரிஞ்சது இருக்குல்ல, அது பொழச்சுக்கும். மேல பச்சை நிக்குது பாருங்க."

நான் அந்தப் பாதி எரிந்த மரம் ஒன்றின் அருகே போய் உட்கார்ந்தேன். கருகிய பட்டையின் வெடிப்புகளில் காப்பிப் பொடி மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தேன். மரத்தூள். யாரோ உள்ளிருந்து துளைத்து வெளியே தள்ளிய புதுத் தூள். பக்கத்தில் முழுக்கக் கருகிய மரத்தில் தேடினேன், இல்லை. பச்சை மரத்தில் தேடினேன், அங்கும் இல்லை. அங்கேயே என் மனசு அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது.

பைன் மரத்துக்குச் சொந்தமாக ஒரு பாதுகாப்பு உண்டு. வண்டு துளைத்தால் பிசினைச் சுரந்து அதை மூழ்கடித்து வெளியே தள்ளிவிடும். தீயில் பாதி வெந்த மரத்துக்கு உயிர் இருக்கும், பட்டைக்கு அடியில் ஈரமும் சத்தும் இருக்கும். ஆனால் பிசின் சுரக்கத் தெம்பு இருக்காது. வண்டுக்கு இதைவிட நல்ல விருந்து எங்கே கிடைக்கும்? முழுக்கக் கருகியதில் தின்ன ஒன்றும் மிச்சமில்லை. பச்சை மரம் அடித்து விரட்டிவிடும். நான் நினைத்தது இவ்வளவுதான். நினைத்தால் போதாது, வண்டை எண்ணிக் காட்ட வேண்டும். அதனால்தான் அனுமதி வாங்கி, பச்சையில் நான்கு, பாதியில் நான்கு, கரியில் நான்கு என்று கட்டைகளை வெட்டி வாங்கி வந்தேன். உள்ளே இருக்கும் புழுக்கள் வளர்ந்து வண்டாகி வெளியே வரும்போது பிடித்து எண்ணுவது திட்டம்.

கல்லூரி ஆய்வகத்தில் கூரை வேலை நடந்துகொண்டிருந்தது. அதனால் எங்கள் மொட்டைமாடி. பெயின்ட் கடையில் சொல்லிவைத்துப் பன்னிரண்டு காலி பெயின்ட் பக்கெட் வாங்கினேன். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டை, மூடியில் காற்றுக்கு ஒரு சின்னத் துளை, அதன்மேல் மெல்லிய வலை, பக்கவாட்டில் ஓர் ஓட்டை, அந்த ஓட்டையில் ஒரு கண்ணாடி பாட்டில். உள்ளே இருட்டு. வெளியே வரும் வண்டு வெளிச்சத்தைத் தேடி நகர்ந்து பாட்டிலில் விழும். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் நிழலில் வரிசையாக வைத்தேன்.

தினமும் காலையிலும் மாலையிலும் படியேறிப் போய்ப் பார்த்தேன். ஏப்ரல் முடிந்து மே பிறந்தது. ஒரு பாட்டிலிலும் ஒரு வண்டு விழவில்லை.

பேராசிரியரிடம் சொன்னேன். அவர் குத்திக்காட்டவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. "விடுங்கம்மா. வேற ஏதாவது பார்த்துக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு தலைப்புகள் அடங்கிய ஒரு தாளை நீட்டினார். மேடவாக்கம் வழியாக பஸ்ஸில் திரும்பியபோது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். நாற்பது தாண்டியவள் பூச்சி வரவில்லையே என்று பஸ்ஸில் அழுததை வேறு யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சுத்தியலையும் உளியையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். என் மாமியாரும் பின்னாலேயே வந்தார். தொலைபேசி இணைப்பகத்தில் முப்பது வருடம் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபது தாண்டியும் யாராவது ஒன்றைத் திறந்தால் உள்ளே என்ன என்று பார்க்காமல் இருக்கமாட்டார்.

"என்னம்மா, கோவத்துல எல்லாத்தையும் உடைச்சுப் போடப் போறியா?"

"ஒரே ஒரு கட்டை அத்தை. உள்ள என்னதான் இருக்குன்னு பார்த்துடறேன்."

பாதி எரிந்த கட்டை ஒன்றின் பட்டையை நெம்பினேன். பட்டை கழன்று வந்தது. உட்பக்கம் முழுக்கக் கோடு கோடாகச் சுரங்கங்கள், சின்னக் குழந்தை பென்சிலால் கிறுக்கியது போல. ஒவ்வொரு சுரங்கத்தின் முனையிலும் அரிசிக் குருணை அளவில் ஒரு புழு. எல்லாம் காய்ந்து செத்துக் கிடந்தன. கட்டையும் அப்பளம் போலக் காய்ந்திருந்தது. பச்சைக் கட்டை ஒன்றையும் கரிக்கட்டை ஒன்றையும் உரித்தேன். அவற்றில் ஒரு கோடுகூட இல்லை.

"பாவம், இவ்ளோ இருந்துதா உள்ள?" என்றார் அத்தை.

"இருந்துது அத்தை. நான்தான் கொன்னுட்டேன். இந்த வெயில்ல கட்டை காஞ்சு போச்சு. வெட்டின ரெண்டு முனையையும் மெழுகு ஊத்தி அடைச்சிருக்கணும், ஈரம் போயிருக்காது. தோணவே இல்ல."

அத்தை அந்தப் பட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப நீ நெனச்சது சரிதானே? எடம்தானே தப்பு?"

அந்தக் கேள்வி என்னை நிமிர்த்திவிட்டது. ஆமாம், இடம்தான் தப்பு.

அன்று மாலை டிபன் சாப்பிடும்போது வீட்டில் பேச்சு நடந்தது. மறுபடி மலைக்குப் போய்க் கட்டை கொண்டுவரலாம். ஆனால் இந்த அக்னி நட்சத்திரத்தில் எங்கே வைப்பது? மலைக் குளிர் வேண்டும். எங்கள் வீட்டில் ஏசி உள்ள அறை ஒன்றுதான், எங்கள் படுக்கையறை. கோடையில் அத்தையும் அங்கேதான் பாய் போட்டுப் படுப்பார்.

நான் அதைச் சொல்லவே இல்லை. என் கணவர்தான் தோசையைப் பிய்த்தபடி சொன்னார். "நம்ம ரூம்ல வெச்சுக்கோ. நாம ஹால்ல படுத்துக்கலாம்."

"இந்த வெயில்லயா? அத்தை எப்படித் தாங்குவாங்க?"

"எக்ஸ்சேஞ்ச்ல மெஷினுக்குத்தான் ஏசி, எங்களுக்கு ஃபேன்தான். பழக்கம்தான். மனுஷங்க வேர்த்துக்கலாம், அதுங்க செத்துப் போகக் கூடாது" என்றார் அத்தை.

மே மாதத்தில் கொடைக்கானலுக்குப் போகிற பஸ்ஸில் இடம் கிடைப்பது பெரும்பாடு. சுற்றுலாக் கூட்டத்துக்கு நடுவில் நானும் என் கணவரும் கடைசி சீட்டில் குலுங்கிக்கொண்டு போனோம். சரகர் ஆச்சரியப்பட்டார். முதல் தடவை நடந்ததைச் சொன்னேன், செத்த புழுக்கள் இருந்த பட்டையையும் காட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, தன் ஆட்களை அழைத்து, நான் கை காட்டிய மரங்களில் கட்டை வெட்டச் சொன்னார். இந்தத் தடவை ஒவ்வொரு மரத்தையும் நான்கு பக்கமும் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டேன். தாம்பரத்தில் வாங்கிப் போயிருந்த மெழுகுவர்த்திகளை அங்கேயே உருக்கி, வெட்டிய முனைகளில் சூட்டோடு ஊற்றினோம்.

பன்னிரண்டு பக்கெட்டும் எங்கள் படுக்கையறைக்குள் வந்தன. கட்டிலைச் சுவரோடு நிமிர்த்தி வைத்தோம். ஜன்னலோரம் வரிசையாகப் பக்கெட்டுகள், பாட்டில் எல்லாம் வெளிச்சத்தைப் பார்த்து. அறைக்குள் நுழைந்தால் பைன் வாசமும் கரி வாசமும் கலந்து, கதவை மூடினால் மலையில் நிற்பதுபோல இருக்கும். கதவைத் திறந்தால் அனல். ஹாலில் மூன்று பேரும் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு கிடந்தோம். ஒருநாள் பகலில் கரண்ட் போனபோது என் கணவர் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, கடையில் ஐஸ் கட்டி வாங்கி வந்து அறைக்குள் தொட்டி தொட்டியாக வைத்துக் காவல் இருந்தார். சாயந்திரம் கரண்ட் வந்தபோது கை தட்டினார்.

ஜூனில் பள்ளி திறந்தது. பகலில் யார் பார்ப்பது என்ற கேள்வி வந்தது. அத்தை ஒரு நோட்டை எடுத்துக் கட்டம் போட்டார். எந்த பக்கெட், எந்த நேரம், எத்தனை.

"ஒண்ணும் இல்லன்னா பூஜ்யமும் எழுதணுமா?"

"எழுதணும் அத்தை. அதுதான் ரொம்ப முக்கியம்."

"சரி. எங்களுக்கும் அப்படித்தான். கால் வரலன்னா வரலன்னு எழுதுவோம்."

பள்ளி திறந்த இரண்டாவது வாரம், மூன்றாவது பீரியட். அலுவலகத்திலிருந்து பியூன் வந்து, வீட்டிலிருந்து போன் என்றார். பயந்துகொண்டு ஓடினேன். ரிசீவரை எடுத்ததும் அத்தையின் குரல், பழைய ஆபரேட்டர் குரல், ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக.

"பக்கெட் நம்பர் ஏழு. பதினொண்ணேகால் மணி. ஒண்ணு வந்திருக்கு."

"அத்தை! நிஜமாவா? உயிரோட இருக்கா?"

"நடக்குது. பாட்டில் கண்ணாடில ஏற முடியாம வழுக்கி வழுக்கி விழுது. இரு, இரு. எட்டாம் நம்பர்ல ரெண்டு."

ஏழும் எட்டும் பாதி எரிந்த கட்டைகள். நான் அலுவலகத்தில் நின்றபடி "வந்துடுச்சு!" என்று கத்தினேன். எழுத்தர் அக்கா பதறி எழுந்து, "யாருக்கு, யாருக்கு வலி வந்துடுச்சு?" என்று கேட்டார். அந்தப் பீரியடில் நான் என்ன நடத்தினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. சிரித்துக்கொண்டே நடத்தினேன் என்று பிள்ளைகள் பிறகு சொன்னார்கள்.

அதன் பிறகு வண்டு மழைதான். கடுகைவிடச் சற்றுப் பெரிய, பழுப்பும் கருப்பும் கலந்த வண்டுகள். ஐந்து முதல் எட்டு வரை, பாதி எரிந்த நான்கு கட்டைகளிலிருந்தும் வந்துகொண்டே இருந்தன. பாட்டிலின் அடி தெரியாத அளவுக்கு விழுந்த நாட்களும் உண்டு. கரிக்கட்டைகளுக்கு நேராக அத்தையின் நோட்டில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். பச்சைக் கட்டைகளிலும் அப்போது அதே பூஜ்யம்.

இந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. சங்கச் செயலாளர், எங்களுக்கு நேர் கீழ் வீட்டுக்காரர், தன் சோபாவின் காலடியில் கொட்டிக் கிடந்த வெள்ளைப் பொடியைப் படமெடுத்துப் போட்டிருந்தார். மேல்மாடியில் வளர்க்கும் பூச்சிகள் கட்டடம் முழுக்கப் பரவிவிட்டன, ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாவற்றையும் அப்புறப்படுத்த வேண்டும் என்று கீழே எழுதியிருந்தார்.

நான் பூதக்கண்ணாடியையும், என் வண்டுகள் இருந்த ஒரு சின்னக் குப்பியையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"சார், அந்த சோபாவைப் பார்க்கலாமா?"

"பாருங்க. நல்லாப் பாருங்க. உங்க ஆராய்ச்சியோட பலன்தான்" என்றார் அவர்.

அது மூங்கில் சோபா. காலில் ஊசி முனை அளவு ஓட்டைகள். தட்டியதும் பொடியோடு ஒரு குட்டி வண்டும் விழுந்தது. அதையும் என் வண்டையும் ஒரு வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்தேன்.

"இது மூங்கில் திங்கற பூச்சி சார். வாங்கும்போதே உள்ள இருந்திருக்கும். என்னோடதுக்குப் பைன் பட்டை, அதுவும் ஈரமா இருக்கணும். உங்க காஞ்ச மரத்துல அதுக்கு ஒரு வாய் சோறு கிடையாது. நம்பலன்னா நாலை உங்ககிட்டயே விட்டுட்டுப் போறேன்."

ஒரு கண்ணாடி ஜாடியில் அவர் வீட்டு மரத்துண்டு ஒன்றைப் போட்டு, நான்கு வண்டுகளை விட்டு, வலையால் மூடி அவருடைய டிவி மேசையில் வைத்துவிட்டு வந்தேன். மூன்று நாள் கழித்து ஜாடியை அவரே மேலே கொண்டுவந்தார். மரத்தில் ஒரு கீறல் இல்லை, வண்டுகள் செத்திருந்தன. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "மூங்கிலுக்கு என்ன மருந்து அடிக்கறதும்மா?" என்றுதான் கேட்டார். சொன்னேன். குழுவில் அந்தப் படமும் காணாமல் போனது.

உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. பச்சைக் கட்டைகளில் நான்காவது பக்கெட்டில் திடீரென்று வண்டுகள் விழ ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு இல்லை. பாதி எரிந்ததற்குச் சமமாகவே விழுந்தன. தீயே படாத மரம். பிசின் சுரக்கும் மரம். அதில் எப்படி?

"தப்பான பக்கெட்ல எழுதிட்டேனோ?" என்று அத்தை கலங்கிப் போனார். அவரை உட்காரவைத்து நானே எண்ணினேன். அவர் எழுதியது சரிதான். அப்போது ஒரு நிமிடம், அந்த நாலாம் நம்பரை மறந்துவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. மற்ற மூன்றும் அவ்வளவு அழகாகப் பூஜ்யம் காட்டின. யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் பூஜ்யத்தைக்கூட விடாமல் எழுதிய நோட்டு என் கையில் இருந்தது.

மலையில் எடுத்த புகைப்படங்களைத் திறந்தேன். நாலாம் நம்பர் மரத்தின் நான்கு பக்கப் படங்கள். மூன்றாவது படத்தில் விஷயம் இருந்தது. அந்தப் பச்சை மரம், பாதி எரிந்த மரங்களின் வளையத்தை ஒட்டி நின்றது. கைநீட்டினால் தொடலாம், அவ்வளவு பக்கம். மற்ற மூன்று பச்சை மரங்களும் நன்றாகத் தள்ளி நின்றவை.

பாதி எரிந்த மரங்களில் மொய்த்த வண்டுகள் அங்கே இடம் போதாமல் பக்கத்து ஆரோக்கியமான மரத்தின்மேல் பாய்ந்திருக்கின்றன. ஒன்றிரண்டு வந்தால் மரம் பிசினால் விரட்டும். கூட்டமாக வந்தால் அதனாலும் முடியாது. அடுத்த தலைமுறை அதற்கும் அடுத்த மரத்துக்குப் போகும். தீ அணைந்து மாதக்கணக்கான பிறகு, தீயே தொடாத காடு சாக ஆரம்பிக்கும்.

உடனே சரகருக்கு போன் செய்தேன்.

"சார், வளையத்தை ஒட்டி நிக்கற பச்சை மரங்களை மட்டும் போய்ப் பாருங்க. அடிமரத்துல காப்பிப் பொடி மாதிரி தூள் இருக்கான்னு பாருங்க. தள்ளி நிக்கற மரங்கள்லயும் பாருங்க."

மறுநாள் மத்தியானம் அவர் அழைத்தார். எப்போதும் அளந்து பேசுகிறவரின் குரலில் அவசரம் இருந்தது. "மேடம், நீங்க சொன்னதுதான். ஒட்டி நிக்கறதுல தூள் இருக்கு. தள்ளி நிக்கறது சுத்தம். இப்ப நான் என்ன செய்யணும்?"

"கரி மரங்களை அப்புறம் வெட்டுங்க சார். அது எங்கேயும் போகாது, அதுல ஒண்ணுமில்ல. பாதி எரிஞ்சதையும் தூள் தள்ளற பச்சையையும் முதல்ல எடுங்க. அடுத்த தலைமுறை வண்டு வெளிய வர்றதுக்குள்ள."

"மேல எழுதணும் மேடம். பச்சையா நிக்கற மரத்தை வெட்டுன்னு சும்மா சொன்னா ஒத்துக்கமாட்டாங்க. உங்க பேராசிரியர்கிட்ட ஒரு கடிதம் வேணும்."

பேராசிரியர் அடுத்த நாளே எங்கள் வீட்டுக்கு வந்தார். மூன்று மாடி ஏறி, ஹாலில் சுருட்டி வைத்திருந்த பாய்களைத் தாண்டி, குளிர்ந்த அறைக்குள் நுழைந்து நின்றார். ஒவ்வொரு பாட்டிலாகப் பார்த்தார். சந்தேகப்பட வேண்டியது ஆராய்ச்சியாளரின் வேலை, அதை அவர் விடவில்லை.

"மலையில இருந்து கொண்டுவந்து இங்க வெச்சிருக்கீங்க. இந்த ஏசி, இந்த ஊரு. வண்டு வர்ற நேரம் மாறியிருக்கும்ல?"

"மாறியிருக்கும் சார். ஆனா பன்னெண்டு பக்கெட்டுக்கும் ஒரே ஏசிதான். அதுல அஞ்சுல மட்டும் வண்டு வந்திருக்கு. எந்த அஞ்சுன்னு பாருங்க."

அவர் அத்தையின் நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். பூஜ்யங்கள் நிறைந்த பக்கங்களைக்கூட வேகமாகத் தள்ளவில்லை. நாலாம் நம்பர் மரத்தின் படத்தைக் காட்டினேன்.

"நான் சொன்னது தப்பும்மா" என்றார். என்னைப் பார்த்துச் சொன்னார், தரையைப் பார்த்து இல்லை. "தீ காட்டைச் சுத்தம் பண்ணிடும்னு நெனச்சிருந்தேன். பாதிதான் பண்ணியிருக்கு. மீதிப் பாதியில பந்தி வெச்சிருக்கு. பேப்பர் குடுங்க, கடிதத்தை இங்கயே எழுதிடறேன்."

எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினார். அத்தை மோர் கொடுத்தார். கடிதத்தில் இந்தக் கணக்கை எடுத்தவர் யார் என்று எழுத வேண்டிய இடத்தில் என் பெயரையும், அத்தையிடம் கேட்டு அவர் பெயரையும் எழுதினார். அத்தை உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்ததை நான் பார்க்காததுபோல இருந்துவிட்டேன்.

உத்தரவு சுலபமாக மாறவில்லை. மலையிலிருந்து இரண்டு முறை கேள்விகள் வந்தன, இரண்டு முறையும் படங்களோடு பதில் அனுப்பினோம். கடைசியில் வெட்டும் வரிசை மாறியது. சரகர் ஆட்களோடு நின்று, பாதி எரிந்த மரங்களையும் தூள் தள்ளிய பச்சை மரங்களையும் சாய்த்து, பட்டையை அங்கேயே உரித்து அழித்தார். எங்கள் வீட்டுக் கட்டைகளை அனுமதி வாங்கும்போது வனத்துறைக்கு வாக்குக் கொடுத்தபடி கொதிநீரில் முக்கி, பிறகு எரித்தோம்.

ஆய்வேடு முடிந்து வாய்மொழித் தேர்வு நடந்த நாள் நல்ல மழை. கிழக்குத் தாம்பரத்திலிருந்து ஆட்டோவில் நனைந்துகொண்டு கல்லூரிக்குப் போனோம். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு பெண்மணி, கண்டிப்பானவர். கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். கடைசியில், "நாலாம் எண் கட்டையை நீக்கியிருந்தால் உங்கள் முடிவு இன்னும் தெளிவாக இருந்திருக்குமே, ஏன் நீக்கவில்லை?" என்றார்.

"நீக்கியிருந்தா முடிவு தெளிவா இருந்திருக்கும் மேடம். காடு செத்திருக்கும்" என்றேன்.

யோசிக்காமல் வந்த பதில். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார். பின்வரிசையில் என் கணவர் எழுந்தே நின்றுவிட்டார், பேராசிரியர் கையசைத்து உட்காரச் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த கோடையில் சரகர் எங்கள் குடும்பத்தையே அழைத்தார். அதே சரிவு. கரி மரங்கள் இன்னும் சில நின்றன, வெட்ட அவசரமில்லாமல். பாதி எரிந்தவை இருந்த வளையத்தில் புல் முளைத்து, நடுநடுவே நாற்றுகள் நட்டிருந்தார்கள். அதற்கு வெளியே பச்சை மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. இரண்டு நாள் நான் ஒவ்வொரு மரமாகக் குனிந்து பார்த்தேன். எதிலும் தூள் இல்லை. பக்கத்து மலையில், யாரும் வரிசை மாற்றாத இன்னொரு தீப்பட்ட காட்டைச் சரகர் தூரத்திலிருந்து காட்டினார். அங்கே பச்சை விளிம்பு செம்பழுப்பாகி உள்ளே உள்ளே பரவியிருந்தது.

"அங்கயும் உங்களை வரச்சொல்லிக் கேட்டிருக்காங்க மேடம்" என்றார்.

வனக்காவலர்கள் இருபது பேர், பாதிக்கு மேல் அந்த ஊர்ப் பெண்கள், மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுக்கத்தான் என்னை அழைத்திருந்தார். அத்தை ஸ்வெட்டரும் மஃப்ளருமாக ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, யார் யார் எந்த மரம் என்று ஏற்கெனவே பிரித்துக்கொண்டிருந்தார். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முதல் மரத்தின் அடியில் முழங்காலிட்டேன்.

"எல்லாரும் கிட்ட வாங்க" என்றேன். "தீ அணைஞ்ச பிறகுதான் நம்ம வேலை ஆரம்பம்."